குண்டு, தொப்பை, ஊசி, ஆபரேஷன்: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள், உள்ளே கேட்கத் தயங்கியதை என் மேசைக்கு வந்து கேட்பார்கள். மேலூரிலிருந்து வந்தாலும் உசிலம்பட்டியிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் என்னவோ ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஆபரேஷன் பற்றிய பதில்களை, டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

1. "எனக்கு 72 கிலோ மேடம். இது குண்டா, இல்லையா?"

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, உயரமும் தெரிய வேண்டும். உங்கள் உயரம் 158 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 1.58-ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடியும் 1.58-ஆல் வகுத்தால் 28.8 வரும். இதுதான் பி.எம்.ஐ.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25 வந்தால் அதிக எடை, 30 வந்தால் உடல் பருமன். நம் ஆட்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்துவிடுகின்றன. அதனால் 2009-ல் இந்திய மருத்துவர்கள் நமக்கென்று தனி அளவு வகுத்தார்கள்: 23 வந்தால் அதிக எடை, 25 வந்தால் பருமன். ஆக, 28.8 நம் கணக்கில் பருமன்தான். இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள்.

2. "வெயிட் எல்லாம் சரியாத்தான் இருக்கு, தொப்பை மட்டும்தான். அது பரவாயில்லைல?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கை, தொடையில் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகக் கெடுதல் செய்வது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே பேன்ட்டை இறக்கிப் போட்டுக்கொண்டு "பத்து வருசமா எனக்கு 34தான்" என்று சொல்லும் அண்ணன்மார்களே, அது இடுப்பளவு இல்லை.

டேப் இல்லையென்றால் ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு நூலை அளந்து, இரண்டாக மடித்து, அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். முனைகள் எட்டாவிட்டால் வயிறு அதிகம் என்று பொருள்.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இன்னொருவர் பிரிட்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்தது எப்படி என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

3. "நான் சாப்பிடுறதே ரெண்டு இட்லிதான். அப்புறம் எப்படி உடம்பு போடுது?"

இதைக் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. தட்டில் விழுவது மட்டும்தான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. சாயங்காலம் டீயோடு ஒரு வடை, பேரன் மிச்சம் வைத்த பன் பரோட்டாவில் பாதி, வெயில் தாங்காமல் குடித்த ஒரு ஜிகர்தண்டா எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை. ஜிகர்தண்டாவில் இருப்பது சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை, நன்னாரி சர்பத், அதற்கு மேலே ஐஸ்கிரீம். ஒரு டம்ளரிலேயே ஒரு சாப்பாடு இருக்கிறது, பசி மட்டும் அடங்காது.

அடுத்தது எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் வாங்கினால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே போகிறது. அது நூறு கிராம் அரிசிக்குச் சமம். யார் வீட்டுக்கு யோசனை சொன்னாலும் நான் முதலில் கேட்பது மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்றுதான், எத்தனை இட்லி என்று இல்லை.

உணவுக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் சில, வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் ஆகியவை எடையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். இரவு ஷிஃப்ட், தூக்கக் குறைவு இரண்டும் பசியைக் கிளப்பும். தூங்கா நகரத்தில் நள்ளிரவு கடந்தும் இட்லியும் கொத்துப் பரோட்டாவும் கிடைப்பது இன்னொரு வசதி.

4. "எங்க பரம்பரையே இப்படித்தான். என்ன பண்ணாலும் குறையாதுல?"

முதல் பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் எடை வேறுபடுவதில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுவின் பங்கு என்று தெரிகிறது. 1994-ல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசுவே மூளைக்கு "இருப்பு இவ்வளவு" என்று தகவல் அனுப்புகிறது என்பது அப்போதுதான் தெளிவானது. ஒருவருக்குச் சீக்கிரம் பசிப்பதும் இன்னொருவருக்கு இரண்டு வாயிலேயே போதும் என்றாவதும் மனக்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை.

இரண்டாம் பாதி சரியில்லை. மரபணு மாறாமலேயே நம் தாத்தா காலத்துக்கும் இப்போதைக்கும் உடம்பு மாறிவிட்டதே.

5. "எனக்கு தைராய்டு இருக்கு. அதனாலதான் இந்த வெயிட்."

தைராய்டு குறைவினால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். மாத்திரை சாப்பிட்டு ரத்தப் பரிசோதனை சரியான அளவுக்கு வந்த பிறகும் 20 கிலோ கூடுதலாக இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். எடை குறையட்டும் என்று தைராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டிச் சாப்பிட்டால் இதயத் துடிப்பு கெடும், எலும்பு தேயும்.

6. "எங்க அப்பத்தா நல்லா வாட்டசாட்டமா 80 வயசு வரைக்கும் இருந்துச்சு. உடம்பு இருந்தா என்ன கெடுதல்?"

உங்கள் அப்பத்தா வயலில் நாற்று நட்டிருப்பார், தண்ணீர் சுமந்திருப்பார். அவர் நினைவில் நிற்கிறார். அதே உடம்போடு 50 வயதில் நெஞ்சு வலியில் போனவர்களை வீட்டில் யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை.

கெடுதல் என்னவென்று கேட்டால்: டைப் 2 சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் கொழுப்பு, பித்தப்பைக் கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய்க் கோளாறு, குழந்தை தங்குவதில் சிரமம். 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கூடுதல் கொழுப்போடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று பட்டியலிட்டது. மார்பகம் (மாதவிடாய் நின்ற பிறகு), கருப்பை, பெருங்குடல் அதில் அடக்கம். மது குடிக்காதவருக்குக் கல்லீரல் கெடாது என்று நினைப்பவர்கள் நிறைய. ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று வந்தால் அலட்சியமாக விடாதீர்கள், சிலருக்கு அது தழும்பாகி கல்லீரல் சுருக்கம் வரை போகிறது.

முழங்கால் வலிக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்கிறேன், வயதானவர்களுக்கு இதுதான் சட்டென்று உறைக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.

7. "இவரு விடுற குறட்டைல வீட்ல யாருமே தூங்க முடியல. இதுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் இருக்கா?"

நிறைய இருக்கிறது. குறட்டை நடுவில் நின்று, மூச்சே இல்லாமல் சில நொடிகள் போய், பிறகு திணறி மூச்சு வாங்குகிறாரா என்று பாருங்கள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாரா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சுத் தடையாக இருக்கலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை கேட்காமல் போவதற்கும், வண்டி ஓட்டும்போது கண் அசருவதற்கும் இது காரணமாகலாம். பஸ்ஸோ லாரியோ ஓட்டுபவர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் இரவில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி தருவார்கள்.

8. "பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் கருத்துப் போச்சு. எவ்வளவு தேய்ச்சாலும் போகல."

அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். கழுத்து, அக்குளில் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கருப்பது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். க்ரீமுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

9. "எவ்வளவு குறைச்சா போதும்? பழையபடி 55 கிலோவுக்கு வரணுமா?"

கல்யாண ஆல்பத்தில் இருந்த எடைக்குத் திரும்புவது சிகிச்சையின் நோக்கம் இல்லை. இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு மூன்றிலும் மாற்றம் தெரியும். 90 கிலோ உள்ளவருக்கு அது நாலரை முதல் ஒன்பது கிலோ. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. 2006-ல் வெளிவந்த சென்னை ஆய்வில் உணவு, நடை மாற்றங்களால் மட்டும் 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே. தராசு முள் அசையவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்தச் சென்னைக் கணக்கைத்தான் சொல்வேன்.

10. "சோத்தை நிப்பாட்டிட்டு சப்பாத்தியும் சிறுதானியமும் சாப்பிடுறேன். சரிதானே?"

அரிசி, கோதுமை, தினை, வரகு எதை எடுத்தாலும் சமைக்காத நூறு கிராமில் ஏறக்குறைய 320 முதல் 360 கலோரிதான். சிறுதானியத்தில் நார் கூடுதல், மெதுவாகச் செரிக்கும், நல்லதுதான். ஆனால் அரிசிச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தவர் வரகுப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் போட்டு இரண்டு கரண்டி கூட்டினால் என்ன மிச்சம்? தட்டில் பாதியைக் காய், கீரை பிடிக்கட்டும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். மீதி இடத்தில் சோறு தாராளமாக இருக்கலாம்.

பரோட்டாவையும் கறிதோசையையும் வாழ்நாள் முழுக்க விடச் சொல்லி நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் அடுத்த முறை வரவே மாட்டார்கள். மாதத்தில் என்றைக்கு என்று நீங்களே முடிவு செய்து சாப்பிடுங்கள், சால்னாவில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு.

11. "'கொழுத்தவனுக்குக் கொள்ளு'ண்டு பெரியவங்க சொல்லிருக்காங்களே?"

கொள்ளு அருமையான பயறு. நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நாரும் நிறைய. கொள்ளு ரசம், துவையல், சுண்டல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வயிறு நிறைந்து, அதனால் மற்றது குறைந்தால் பலன் உண்டு. வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையாது. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், வெந்தயம், ஆப்பிள் வினிகர் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

12. "தினமும் ரேஸ்கோர்ஸ்ல அரை மணி நேரம் நடக்குறேன். ஒரு கிலோகூடக் குறையலையே?"

70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 120 முதல் 150 கலோரி. நடந்து முடித்து வாசலில் பருத்திப்பால் குடித்தால் கணக்கு நேராகிவிடும். எடை இறங்குவதில் பெரிய பங்கு உணவுக்குத்தான். இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரை, இதயம், தூக்கம் இவற்றுக்கெல்லாம் நடை பெரிய உதவி. அதனால் நடையை விடாதீர்கள். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றினாலும் சரி, விடியற்காலையில் சித்திரை வீதிகளைச் சுற்றினாலும் சரி. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்யுங்கள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும் அதில் சேரும்.

13. "ஒரு தடவை 10 கிலோ குறைச்சேன். ஒரே வருசத்துல 12 ஏறிருச்சு. என்கிட்டதான் கோளாறா?"

இல்லை. எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. நான்காவது பதிலில் சொன்ன லெப்டின் குறைகிறது, பசி ஹார்மோன்கள் கூடுகின்றன, ஓய்வில் எரியும் கலோரியும் குறைகிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்டவர்களை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை மறுபடி ஏறியிருந்தது. அப்படியும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு சராசரியாக 500 கலோரி குறைவாகவே எரித்தது.

பருமனை நாள்பட்ட நோயாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ரத்தக்கொதிப்புக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்திவிட்டு, மறுபடி ஏறினால் நோயாளியைத் திட்டுவோமா?

14. "வாரம் ஒரு ஊசி போட்டா உடம்பு இறங்குதாமே?"

இறங்குகிறது. செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற இரண்டையும் பற்றித்தான் கேட்கிறீர்கள். குடலில் சுரக்கும் ஹார்மோனைப்போல வேலை செய்து பசியைக் குறைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பெரிய ஆய்வுகளில் செமாக்ளூடைட் 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரி 15 சதவீதமும், டிர்செபடைட் அதிக அளவில் போட்டவர்களுக்கு 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் எடை குறைந்தது. டிர்செபடைட் ஊசியான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் செமாக்ளூடைட் ஊசியான வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம், அதனால்தான் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பித்தப்பைக் கல் வரலாம், அபூர்வமாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலும் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரலாம், அந்த அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: பசி இல்லை என்று வெறும் கஞ்சியில் நாளை ஓட்டினால் கொழுப்போடு தசையும் போய்விடும். பத்தாவது பதிலில் சொன்ன புரதம் ஊசி போடுபவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

15. "எத்தனை மாசம் போடணும்? குறைஞ்சதும் நிப்பாட்டிடலாம்ல?"

13-வது பதிலை மறுபடி படியுங்கள். செமாக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டியது "இதை எத்தனை வருடம் நான் வாங்க முடியும்" என்று. இந்தியாவில் செமாக்ளூடைட் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் செலவு குறைய வழி இருக்கிறது. நகையை அடகு வைத்து ஆறு மாதம் போட்டு நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

16. "தெரிஞ்ச மெடிக்கல்ல நேரா வாங்கிக்கலாமா? இல்ல, சைடு எஃபெக்ட் இல்லாத மூலிகைப் பொடி ஏதாவது?"

ஊசி சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியது. போன பதிலுக்கு முந்தையதில் உள்ள தடைகளை மெடிக்கல் கடைக்காரர் கேட்க மாட்டார். மாத்திரையில் ஆர்லிஸ்டாட் உண்டு. சாப்பாட்டுக் கொழுப்பில் 30 சதவீதம் அளவு உடம்பில் சேராமல் வெளியேற்றும். எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டால் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். பலன் மிதமானது.

மூலிகை என்ற பெயரில் வருவதில்தான் எனக்குப் பயம் அதிகம். சிபுட்ரமின் என்று ஒரு எடைக் குறைப்பு மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரியவந்து 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்தினார்கள், 2011-ல் இந்தியா தடை செய்தது. அதே மருந்து "இயற்கை" பொடிகளிலும் மாத்திரைகளிலும் ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு பொடி சாப்பிட்டதும் பசியே காணாமல் போய், படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்.

17. "வயித்தை வெட்டுற ஆபரேஷன் யாருக்கு? இன்சூரன்ஸ் வருமா?"

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். பைபாஸில் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைப்பார்கள். இரண்டும் நுண்துளை ஆபரேஷன்தான். சர்க்கரை வந்து அதிக வருடம் ஆகாதவர்களில் பலருக்கு மாத்திரை தேவையே இல்லாமல் போகிறது. நம் நாட்டில் வழக்கமாகப் பார்ப்பது பி.எம்.ஐ. 37.5, அல்லது சர்க்கரை போன்ற நோயோடு 32.5. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு வேறு: 40, அல்லது இதய நோய், கடும் தூக்க மூச்சுத் தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றோடு 35. மற்ற சிகிச்சைகள் பலிக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். ஆக, டாக்டர் தகுதி என்று சொன்ன பிறகும் கம்பெனி மறுக்கலாம். தேதி குறிப்பதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பழைய சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்க. பெண்கள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் இதுவல்ல. அது தோலுக்கு அடியில் இருப்பதை எடுத்து வடிவத்தை மாற்றும், இரண்டாவது பதிலில் சொன்ன உள்வயிற்றுக் கொழுப்பைத் தொடாது.

18. "மகளுக்குத் தை மாசம் கல்யாணம். மூணு மாசத்துல 15 கிலோ குறைக்கணும் மேடம்."

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை நியாயமான வேகம். அப்படியென்றால் மூன்று மாதத்தில் 6 முதல் 12. பட்டினி போட்டு அதற்கு மேல் இறக்கினால் பித்தப்பைக் கல் வர வாய்ப்பு கூடுகிறது. அதோடு, திடீர் எடைக் குறைவுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், சரியாக முகூர்த்த நேரத்துக்கு. மாதவிடாய் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பாருங்கள். அதற்கும் ஒன்பதாவது பதிலில் உள்ள 5 முதல் 10 சதவீதம்தான் முதல் மருந்து. இதை மகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசவே நான் விரும்புவேன். பாதி நேரம் எடை குறைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசையே இல்லை.

19. "பையனுக்கு 11 வயசு, 58 கிலோ. வளர்ந்தா சரியாயிடும்ல?"

பலருக்குச் சரியாவதில்லை. பிள்ளைகளுக்கு முதல் பதிலில் உள்ள 23, 25 கணக்கு பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் தனி அட்டவணை உண்டு, குழந்தை மருத்துவர் அதில் குறித்துக் காட்டுவார். எடையை இறக்குவதைவிட, உயரம் கூடும்வரை எடையைப் பிடித்து நிறுத்தினாலே பல பிள்ளைகளுக்குப் போதும். அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், குளிர்பானம் யாருக்கும் இல்லை, சாப்பிடும்போது போன் அப்பாவுக்கும் இல்லை. "குண்டா" என்று கூப்பிடும் மாமாவை நிறுத்தச் சொல்லுங்கள், அந்தக் கேலி பிள்ளைகளை இன்னும் ஒளிந்து சாப்பிடத்தான் வைக்கிறது.

20. "சரி, முதல்ல யாரைப் பார்க்கணும்? பெரிய செலவு ஆகுமா?"

பொது மருத்துவர் போதும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவிலும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்களிடமும் சொல்லலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இவைதான் வழக்கமாக எழுதும் ரத்தப் பரிசோதனைகள். காலையில் சாப்பிடாமல் போனால் ஒரே நடையில் முடிந்துவிடும்.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டு வலிக்குப் பக்கத்து ஊரில் வாங்கிய பேர் இல்லாத பொட்டலமும் அதில் இருக்கட்டும். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்து, ஏறிய எடைக்கு அதுவே காரணமாக இருப்பதும் உண்டு.